லொறேன் விட்டுப்போன போத்தல்

லொறேன் இறந்த செய்தியை எனக்குப் போனில் சொன்னவர் எங்கள் கொம்பனிப் பாலேந்திரன். நான் மில்லிக்கன் பிளாசாவில் மீன் வெட்டுவித்துக்கொண்டு நின்றேன். "அன்ரி, லொறேன் மோசம் போயிட்டா. ஹார்ட் அட்டாக்," என்றார். அவர் மூச்சு விடாமல் அடுத்ததையும் சொன்னார்: "வெள்ளிக்கிழமை ஒஃபிசில அஞ்சலிக் கூட்டம். சேலை கட்டிக்கொண்டு வாங்கோ, படம் எடுக்கிறம்."

மீன்காரன் தலை வேணுமோ வேண்டாமோ என்று கேட்டான். என்ன பதில் சொன்னேன் என்பது ஞாபகமில்லை. அது ஒன்றுதான் ஞாபகமில்லை. மற்றதெல்லாம் இருக்கிறது.

எங்களோடு வேலை செய்தவர்களுக்கு லொறேனைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்காபரோவில் ரோட்டுக்கும் அணைக்கும் வரைபடம் கீறிக் கொடுக்கும் ஒரு கொம்பனியில் அவள் எஞ்சினியர். மண் பகுதி. நாங்கள் எல்லோரும் வந்து ஏறுவதற்கு முன்னம் இந்த மண்ணில் இருந்த அனிஷினாபே சனத்தைச் சேர்ந்தவள். நான் அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் மண் அரிக்கும் அரிதட்டுகளும் தட்டங்களும் கழுவினேன். மண் சோதிக்கிற லாப்பில் இருந்த எங்கள் பெடியள் என்னை அன்ரி என்பார்கள், அவளும் அதையே பிடித்துக்கொண்டாள். அவள் பேசியது ஆங்கிலம். எனக்கு விளங்கியபடி, என் வாயில் வருகிற தமிழில் எழுதுகிறேன்.

கொம்பனி ஒவ்வொரு வருஷமும் சுவரில் பெரிய படம் ஒட்டும். பல இனத்தவரும் ஒரு குடும்பமாம். நான் சேலையில், அவள் தன் சனத்தின் ரிபன் பாவாடையில், நடுவில் பாலேந்திரன். ஒருமுறை படமெடுக்கிறவன் தூரத்தைப் பார்க்கச் சொல்லி அவளை நெடுநேரம் நிறுத்தி வைத்தான். அவள் தூரத்தைப் பார்த்தபடியே எனக்குச் சொன்னாள்: "அன்ரி, சுவரில எங்கட முகம் எவ்வளவு பெரிசோ, கூட்டத்தில எங்கட கதிரை அவ்வளவு சின்னன்." சிரிப்பை அடக்க முடியாமல் நான் வாயைப் பொத்தினேன். அந்தப் படத்தைத்தான் ஒட்டினார்கள்.

பாலேந்திரன் என் ஊருக்குப் பக்கத்து ஊர். வந்த புதிதில் பெற்றோல் ஸ்டேஷனில் நின்று, திரும்பவும் சோதனை எழுதி, எஞ்சினியர் லைசன்ஸ் எடுத்த மனிதர். அதை நான் மறுக்கமாட்டேன். பூர்வகுடி மக்களோடு நல்லிணக்கம் என்று கொம்பனி ஒரு கமிட்டி தொடங்கியபோது அவரைத் தலைவராக்கினார்கள். ஒரு மத்தியானக் கூட்டத்தில் அவர் கண் கலங்கப் பேசினார். நாங்களும் நிலம் இழந்த சனம், ஆகவே உங்கள் நோவு எங்கள் நோவு என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான்.

லொறேன் ஆறுதலாகக் கேட்டாள். "நீங்கள் விட்டிட்டு வந்த காணியில இப்ப ஆரும் இருக்கினமோ?"

ஆமிக்காரர் காம்ப் போட்டிருக்கிறார்கள் என்றார் அவர்.

"அவை வந்து, உங்கட நோவு எங்களுக்கு விளங்குது எண்டு சொன்னா, கை தட்டுவியளோ?"

பாலேந்திரன் சிரித்து வைத்தார். அதற்குப் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசி நான் காணவில்லை. அந்தக் கேள்வி எனக்கும் உரியதுதான். அவள் சனத்தின் நிலத்தில், இங்கே வோபர்னில், எனக்கும் வீடு இருக்கிறது.

பிறகு அந்த அணை வந்தது. விட்பி நகரத்துக்கும் அங்கால், வீடு கட்டி விற்கிற ஒருவன் ஒரு பள்ளத்தை வாங்கியிருந்தான். மழைத்தண்ணீரை மறிக்க, வீடுகளுக்குப் பின்னால் மண் அணை; அதற்கு வரைபடம் கீறுவது எங்கள் கொம்பனி. அந்தப் பள்ளத்தில் பனி கரையும் காலம் தண்ணீர் நிலத்துக்கு அடியால் வரும், தங்கள் ஆட்கள் அங்கே ஒருநாளும் தங்குவதில்லை என்று லொறேனின் சனத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். கமிட்டி ஒருமுறை போய்த் தேத்தண்ணி குடித்து, படம் எடுத்து வந்தது. பேசினோம் என்று எழுதினார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை எழுதவில்லை.

லொறேன் அந்த நிலத்தில் திரும்பவும் துளை போடுவித்தாள். தண்ணீர் இருந்தது. அணையைத் தள்ளிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் அடியில் வடிகால் வையுங்கள் என்றாள். அதற்கு நாள் போகும், வீடு கட்டுகிறவன் வேறு கொம்பனிக்குப் போய்விடுவான் என்றார்கள். இந்த நாட்டில் லைசன்ஸ் உள்ள எஞ்சினியரின் சீல் விழுந்தால்தான் படத்துக்கு உயிர். அந்தச் சீல் அவருடைய பெயர், அவருடைய பொறுப்பு. அவள் குத்தமாட்டேன் என்றாள். பாலேந்திரன் தன் சீலைக் குத்தினார்.

கொஞ்ச நாளில் அவளுக்குப் பூச்செண்டு கொடுத்துப் பதவி உயர்த்தினார்கள். நல்லிணக்க ஆலோசகர். இனி அணை வரைபடம் பார்க்கும் வேலை இல்லை, மற்றக் கொம்பனிகளுக்குப் போய் உரை நிகழ்த்த வேண்டியதுதான். அந்தப் பூவை என் தட்டம் கழுவும் தொட்டிக்குள் வைத்துவிட்டுச் சொன்னாள்: "வாயைத் திறந்து விட்டினம் அன்ரி, கையைக் கட்டிப்போட்டினம்." அணையைப் பற்றி நகரசபைக்கும் அறிவித்தாள். சீல் இருக்கிறதே என்று பதில் வந்தது.

என் மகள் வாசுகி அங்கே முதலே வீடு புக் பண்ணியிருந்தாள். அணைக்கு நேர் கீழே. நான் தலையால் நடந்து சொல்லியும் மருமகன் கேட்கவில்லை. "மாமி, அணைக்கு எஞ்சினியர் சீல் குத்தியிருக்கு. உங்களுக்கு ஆர் குத்தினது?" என்றார். இதையும் நான் மறக்கவில்லை.

அவர்கள் குடிபோன வருஷத்திலிருந்து, பனி கரைந்ததும் லொறேன் வருவாள். ரப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வேலிக்குப் பின்னால் போய், அணையின் அடியில் கசிகிற இடத்தில் குனிந்து, ஒரு ஜாம் போத்தலில் தண்ணீர் பிடிப்பாள். அதை வாசுகி வீட்டின் பின்பக்க மர டெக் கம்பியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்போம். "தெளிவா வந்தா அணை வேர்க்குது, பயமில்லை. கலங்கி வந்தா உள்ளுக்க மண்ணைத் தின்னுது. அண்டைக்கு இந்த வீட்டில படுக்கக்கூடாது."

மருமகன் பகிடி விடுவார். "சூப் எப்பிடி இருக்கு?"

"இன்னும் உப்புப் போடேல்லை," என்பாள் அவள்.

ஒவ்வொரு வருஷமும் தெளிவாகத்தான் இருந்தது. போன வசந்தத்தில் போத்தலைக் கழுவி என் கையில் தந்து, "நான் வராட்டியும் பாருங்கோ," என்றாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இந்த வருஷம் பனி கரைந்த கையோடு அவள் போய்விட்டாள். அஞ்சலிக் கூட்டத்துக்கு முதல்நாள் நான் போத்தலை எடுத்துக்கொண்டு வேலிக்குப் பின்னால் போனேன். வந்தது பால் தேத்தண்ணி நிறம். கம்பியில் வைத்துவிட்டு இருந்தேன். அடியில் மா மாதிரி மண் படிந்தது. மருமகன் வந்து போத்தலை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். பகிடி விடவில்லை. உள்ளே போய்ப் பிள்ளைகளின் உடுப்பை எடுத்து வைக்கத் தொடங்கினார். நகரசபைக்கு வாசுகி போன் அடித்தாள். அடுத்த கிழமை ஆள் வரும், படத்தில் சீல் இருக்கிறது என்றார்கள்.

கூட்டத்துக்குச் சேலைதான் கட்டிக்கொண்டு போனேன். அவளுக்காகக் கட்டினேன். எந்தக் கூட்டத்துக்கும் தொடக்கத்தில், இது ஆருடைய நிலம் என்று பூர்வகுடிகளின் பெயர் சொல்லி வாசிப்பது இங்கே வழக்கம்; அதைப் பாலேந்திரன் ஒரு பெயர் பிசகாமல் வாசித்தார். லொறேன் தனக்குச் சகோதரி என்றார். நான் எழும்பிப் போய், கைப்பையிலிருந்து போத்தலை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கி, அவள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அது எங்கள் சடங்கு என்று நினைத்து வெள்ளைக்காரர் தலை குனிந்தார்கள். ஒரு பெண் கும்பிட்டாள்.

பாலேந்திரன் மட்டும் குனியவில்லை. அவர் எஞ்சினியர். உது என்ன என்று அவர் கேட்கவில்லை.

"தம்பி, உங்கட அணையிலயிருந்து," என்றேன்.

"அன்ரி, இண்டைக்கு வேண்டாம்."

"லொறேனுக்கும் இதைத்தான் சொன்னியள்."

அந்த நேரம் பார்த்துப் படமெடுத்தார்கள். இந்த வருஷச் சுவரில் அது வரும்.

வாசுகி குடும்பம் இப்போது வோபர்னில் என் வீட்டு ஹோலில் படுக்கிறது. அணைக்குக் கீழே பக்கத்து வீடுகளில் அவள் சொல்லிப் பார்த்தாள். ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை, மற்ற வீட்டில் சீல் இருக்கிறதே என்றார்கள். நகரசபை ஆள் இன்னும் வரவில்லை. ஞாயிறு தொடக்கம் மழையாம்.

லொறேனிடமிருந்து என்னிடம் இருப்பது, கூட்டம் முடியத் திரும்ப எடுத்து வந்த அந்தப் போத்தலும், அவள் பாலேந்திரனைக் கேட்ட கேள்வியும்தான். கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன். போத்தலை வைத்திருக்க எனக்கு மனமில்லை. அந்தத் தெருவில் இருக்கிறவர்கள் அவளைக் கண்டிருப்பீர்கள். பனி கரைந்ததும் உங்கள் வேலிக்குப் பின்னால் ரப்பர் சப்பாத்தோடு குனிந்து நின்ற மனுஷி அவள்தான். அவளுக்குப் பூ வேண்டாம். ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு அவள் நின்ற இடத்துக்குப் போங்கள். கலங்கியிருந்தால் சாமான் கட்ட நிற்காதீர்கள்.