சேர்ந்து வந்த வெளிச்சம்

எக்ஸ்ரே அறையில் நிற்கிறவன் பகல் முழுக்க அடுத்தவரை மூச்சைப் பிடிக்கச் சொல்லுவான். தன் நெஞ்சுக்குள் பிடித்து வைத்திருப்பதை மட்டும் விடமாட்டான்.

கோவில்பட்டியில் ஒரு எக்ஸ்ரே சென்டரில் நான் உதவியாள். ஆட்களை நிமிர்த்தி நிறுத்துவது என் வேலை. பொத்தானை அமுக்குவது டெக்னீசியன் மாரியம்மாள். மனத்தாங்கலைப் பிள்ளை போலப் பொத்தி வளர்க்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். என் தங்கச்சி மகள் கனிக்குக் கைக்குழந்தையில் கழுகுமலையில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். கம்மல் வாங்கிக்கொண்டு புறப்பட்ட எனக்கு பஸ் பிந்திவிட்டது. நல்ல நேரம் போகிறதென்று தங்கச்சி மாப்பிள்ளை தன் பங்காளி ஒருத்தர் மடியில் வைத்துக் குத்தி முடித்துவிட்டார். கம்மலோடு திரும்பினேன். அந்த வீட்டு வாசலை அதன்பிறகு மிதிக்கவில்லை. இப்போது கனிக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமனாகப் போய் நிற்பேனா மாட்டேனா என்று சொந்தம் முழுக்கக் கேட்கிறது.

ரெண்டு மழை

விளாத்திகுளம் பக்கத்து மிளகாய் பயிரிடுகிற சம்சாரி ஒருத்தர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். "கூட வெளிச்சம் போட்டு எடுங்க, நோவு நல்லாத் தெரியட்டும்" என்றார். வெளிச்சத்தை ரெண்டு மடங்காக்கினால் உடம்பில் படுவதும் ரெண்டு மடங்குதான், வேறொரு புதுமையும் நடக்காது என்று சொன்னேன். எனக்கு மாரியம்மாள் சொல்லித் தந்தது அவ்வளவுதான்.

அவர் மேசையில் படுத்தபடியே கூரையைப் பார்த்துச் சொன்னார்: "என் மொளகாச் செடி அப்படி இல்ல அண்ணாச்சி. ஒத்த மழையக் கண்டுக்கிடவே செய்யாது. ரெண்டு மழை சேந்து பெஞ்சாத்தான் தலையத் தூக்கும்."

கழற்றச் சொன்னது

கனி வந்தாள். வெளிநாட்டில் எக்ஸ்ரே லேசர் என்று ஏதோ ஆராய்ச்சி செய்கிறாள். திரும்பிப் போக விசாவுக்கு நெஞ்சுப் படம் கேட்கிறார்களாம். நான் முகம் கொடுக்கவில்லை. "சங்கிலியைக் கழத்து" என்றேன். கழற்றினாள். "கம்மலையும் கழத்து" என்றேன். அதையும் கழற்றினாள். வெறும் காதோடு பலகையை ஒட்டி அவள் நின்றபோது, கொஞ்ச நேரம் கைக்குழந்தையாகத் தெரிந்தாள்.

தடுப்புக்குப் பின்னால் நான் வந்ததும் மாரியம்மாள் மெதுவாகக் கேட்டாள்: "நெஞ்சுப் படத்துக்குக் கம்மலை எதுக்கு அண்ணாச்சி கழத்தணும்?"

கண்ணாடியான தகடு

படம் எடுத்து முடித்த கையோடு கரண்ட் போய்விட்டது. ஜன்னல் இல்லாத அறை. கதவிடுக்கில் வெயில் ஒரு கோடாகப் படுத்திருந்தது. கனி பேச ஆரம்பித்தாள்.

"எங்க எக்ஸ்ரே வேற மாதிரி மாமா. கண் சிமிட்டுத நேரத்தக் கோடி கோடியாப் பிச்சா அதுல ஒரு துணுக்கு, அவ்வளவு நேரந்தான் வெளிச்சம். ஆனா அம்புட்டு உக்கிரம். சாதாரண வெளிச்சத்த அணுவுக்குள்ள இருக்கிற எலெக்ட்ரான் வாங்கி நிறுத்திரும். இது விழுந்தா அதெல்லாம் தெறிச்சுப் போயிரும். தடுக்க ஆளில்லாம மிச்ச வெளிச்சம் அப்படியே உள்ள போயிரும். மறைச்சுக்கிட்டு நின்ன அலுமினியத் தகடு, அந்த நேரத்துக்குக் கண்ணாடி."

"பொறவு?"

"பொறவு தகடே இருக்காது. சிதறிரும்."

இருட்டில் கழுகுமலைப் பாறை எனக்குக் கண்ணாடியாகத் தெரிந்தது. அதற்குள்ளே ஒரு பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. கையில் கம்மல் பெட்டியோடு ஒருவன் படியேறிக்கொண்டே இருந்தான். அவன் மேலே போய்ச் சேரவே இல்லை.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் கனி. "சில அணு ஒத்த வெளிச்சத் துளிக்கு அசையாது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு துளி வந்தாலும் அசையாது. ரெண்டும் ஒரே நேரத்துல வந்து முட்டணும் மாமா."

மூச்சு

தங்கச்சி தனியாக வந்து அழுதிருக்கிறாள். அவள் மாப்பிள்ளை தனியாக டீக்கடையில் வந்து கெஞ்சியிருக்கிறார். ஒருத்தர் வந்து போய் அடுத்தவர் வருவதற்குள் நான் பழையபடி ஆறி இறுகிவிடுவேன். சேர்ந்து வந்தால் சண்டை முற்றும் என்று அவர்களுக்குப் பயம். கனி வந்துபோன மறுவாரம் மாப்பிள்ளைக்கு விடாத இருமல்; தங்கச்சி கூட்டி வந்தாள். பெயரைக் கூப்பிடக் கதவைத் திறந்தேன். ரெண்டு பேரும் எழுந்து, ஒரே குரலாக, "கல்யாணத்துக்கு வாங்க" என்றார்கள்.

மாப்பிள்ளையை உள்ளே கொண்டுபோய்ப் பலகையோடு ஒட்டி நிறுத்தினேன். தோள் மெலிந்திருந்தது. "மூச்சை இழுங்க. பிடிங்க" என்றேன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை. மாரியம்மாள் பொத்தானை அமுக்கிவிட்டாள். "விடுங்க" என்று நான் சொல்ல வேண்டும், அந்த மெலிந்த தோளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். மனுசன் நெஞ்சை விரித்தபடி, கண் பிதுங்க, எனக்காகக் காத்து நின்றார்.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்துத் தங்கச்சி கேட்டாள்: "அண்ணே, அவிய மூச்சை விடட்டுமா?"

விடச் சொன்னேன், பீரோவில் கிடந்த அந்தக் கம்மலோடு ஆவணியில் போகிறேன், ஆனால் அந்தப் பங்காளிக்கு எனக்கு முன்னால் மாலை போட்டால், கனி பிள்ளையின் காதுகுத்து வரைக்கும் புது மனத்தாங்கல் ஒன்றைப் பொத்தி வைக்க என் நெஞ்சில் இடம் இருக்கிறது.