சென்பா வீட்டுச் செம்புக்குழாய்

நான் பனி கொட்டுற ஓசனாய் ஊர்ல வீடு வீடா மண்ணெண்ணெய் ஊத்துற லாரிக்காரன். எந்த வீட்டு டேங்க் எந்தச் சுவரை ஒட்டி நிக்குது, எந்த வீட்டுல புருஷன் பொண்டாட்டிக்குப் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் எனக்கு அத்துப்படி. ஹச்சியா கிவாகோவுக்கு மன்னிக்கவே தெரியாதுன்னு ஊர்ல ஒரு குறை சொல்லுவாங்க. அவ மன்னிச்சிருந்தா எனக்குத்தான் வயிறு எரிஞ்சிருக்கும்.

சென்பாவோட எண்ணெய்க் கடைக்கு போன் எடுக்க வந்தவ அவ. பார்த்துப் பார்த்தே குழாய் வேலை கத்துக்கிட்டா. வெளியில நிக்குற டேங்க்ல இருந்து வீட்டுக்குள்ள கணப்பு அடுப்பு வரைக்கும் செம்புக்குழாய் இழுக்கணும். குழாய் முனையை விரிச்சு நட்டு போட்டு முறுக்கணும், அவ்வளவுதான். ஆனா நட்டை முதல்ல குழாயில மாட்டிட்டுத்தான் முனையை விரிக்கணும். மாட்ட மறந்துட்டா விரிச்ச வாய்மேல நட்டு ஏறாது. வெட்டி எறிஞ்சிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். கிவாகோ ஒரு தடவைகூட மறந்து நான் பார்த்ததில்லை. முறுக்கி முடிச்சதும் எண்ணெய் கசியுதான்னு பார்க்க மூட்டுல வெள்ளைக் காகிதத்தைச் சுத்திட்டு, பக்கத்துலயே நின்னு டீ குடிப்பா. காகிதத்துல கறை இல்லைன்னா கிளம்புவா.

இகராஷி தோமேன்னு ஒரு அம்மா, சோயாப் பால்ல செய்ற டோஃபு கட்டி விக்கிற கடை வச்சிருந்தாங்க. அவங்க வீட்டுக்குப் புது டேங்க் வைக்கக் கிவாகோ போனா. கூரைப்பனி சரிஞ்சு விழுற பக்கம் குழாய் போகக்கூடாது, இங்க சின்னப் புள்ளைக்கும் தெரியும். அவ பனி விழாத சுவரைச் சுத்தி அளந்து, குழாயையும் வெட்டி வச்சா. அதுக்குள்ள இன்னொரு வீட்டுல கணப்பு நின்னுபோச்சுன்னு போன். நீ போ, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்னாரு சென்பா. அவரு பார்த்துக்கிட்ட லட்சணம், குழாய் நேரா கூரை விளிம்புக்குக் கீழ போயிருந்துச்சு. தோமே அம்மா அப்ப கடையில இருந்ததால யாரு கை வேலைன்னு பார்க்கலை.

பிப்ரவரியில கூரைப்பனி மொத்தமா இறங்கிக் குழாயை ஒடிச்சுது. பனிக்கு அடியில ஒடிஞ்சதால யாருக்கும் தெரியலை. டேங்க்ல இருந்த எண்ணெய் முழுக்க மண்ணுக்குள்ள இறங்கி, கிணத்துத் தண்ணி நாறிப்போச்சு. அந்தத் தண்ணியில டோஃபு செய்ய முடியுமா? கடையை மூடிட்டாங்க. ஊர்க்கூட்டத்துல சென்பா கூசாம எந்திரிச்சு, "பொம்பளை கையை நம்பினேன், என் தப்புதான்"னாரு. கிவாகோ நான் இல்லை, நான் இல்லைன்னு தொண்டை கிழிய சொன்னா. யாரு கேட்டா?

அப்புறம் ஒரு வீட்டுலயும் அவளை டேங்க் பக்கம் விடலை. வெங்காயக் கொட்டகைக்கு வேலைக்குப் போனா. அது கூடப் பரவாயில்லை, தோமே அம்மா தெருவுல அவளைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறதுதான் அவளுக்குத் தாங்கலை. ஒருநாள் லாரில வரும்போது பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னா: "அண்ணே, அந்தாளு வாயாலயே உண்மை வரணும். அந்த அம்மா காதுலயே விழணும். அதுவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது." சோறு நல்லாத்தான் இறங்குச்சு. ஆனா கறுவறதை மட்டும் அவ விடலை. முனை விரிக்கிற கருவிக்கு வருஷா வருஷம் எண்ணெய் போட்டுத் துடைச்சு என் லாரிலயே வச்சிருந்தா.

போன குளிர்காலம் சென்பா தன் வீட்டுக்குப் பளபளன்னு புதுத் தகரக்கூரை போட்டாரு. ஊரைக் கூப்பிட்டுக் காட்டினாரு. பழைய கூரையில பனி ஒட்டிக்கிட்டு நிக்கும், இதுல வழுக்கும்னு மனுஷனுக்குத் தோணலை. அவரு வீட்டுக் குழாயும் விளிம்புக்குக் கீழதான். அவரே போட்டது, வேற கை படலைன்னு பீத்திக்குவாரு. ஒரு காலையில நான் எண்ணெய் ஊத்தப் போனா, பனி மலையா குவிஞ்சு கிடக்கு, நாத்தம் மூக்கைத் துளைக்குது. ஓடிப்போய் டேங்க் வால்வை அடைச்சேன்.

வழக்கம்போல தெருவே பனி வாரியைத் தூக்கிட்டு வந்துச்சு. தோமே அம்மாவும் வந்தாங்க, கிவாகோவும் வந்தா. கடையில இருக்குற ஃபிட்டர் பனிப்புயல்ல மலைக்கு அந்தப்பக்கம் மாட்டிக்கிட்டான். சாயங்காலத்துக்குள்ள கணப்பு எரியலைன்னா வீட்டுத் தண்ணிக்குழாய் எல்லாம் உறைஞ்சு வெடிக்கும். சென்பாவோட சம்சாரம் மித்சுஎ அம்மா உள்ளே இருமிக்கிட்டு இருந்தாங்க. என் லாரில இருந்த கையடுப்பைக் கொண்டுபோய் அவங்க பக்கத்துல வச்சேன். அவங்க குளிர்ல கிடந்தா அவசரம் வந்துடும், பழி வாங்குறதுன்னா பதறாம வாங்கணும் பாருங்க.

கிவாகோவைப் போடச் சொல்லுங்கன்னு யாரோ சொன்னாங்க. அவ கை என் டேங்க்ல படக்கூடாதுன்னு சென்பா கத்திட்டு, தானே கருவியை எடுத்தாரு. குழாயை அளந்து வெட்டி முனையை விரிச்சாரு. விரிச்சு முடிச்சுப் பார்த்தா, நட்டு அவரு உள்ளங்கையிலயே இருக்கு. எல்லாரும் சிரிச்சுட்டோம். வெட்டி எறிஞ்சாரு. பதட்டத்துல மறுபடியும் அதே கதை. அடுத்த தடவை நட்டை மாட்டிட்டாரு, ஆனா வாய் கோணிப்போச்சு. அதையும் வெட்டினாரு. கடைசியில குழாயைத் தூக்கிப் பிடிச்சா, டேங்க்குக்கு ஒரு சாண் எட்டலை.

அதுவரைக்கும் பனி வாரியில சாஞ்சுக்கிட்டு நின்ன கிவாகோ அந்த ஒரு சாணையே பார்த்துக்கிட்டு இருந்தா. எனக்கும் அப்பத்தான் உறைச்சுது. அவ மெதுவா சென்பா கிட்டப் போய்க் கேட்டா: "இகராஷி வீட்டுல எத்தனை தடவை வெட்டினீங்க, முதலாளி?"

அந்தாளு குழாயைக் கீழ போட்டாரு.

"நான் சுத்திப் போக அளந்து வச்ச குழாய் அது. வெட்டி வெட்டிக் குட்டையாக்கிட்டு, கடைக்குப் போய் வேற எடுத்துட்டு வரச் சோம்பல்பட்டுத்தானே குறுக்கால இழுத்தீங்க? எத்தனை தடவை?"

ஜன்னலுக்குள்ள இருந்து மித்சுஎ அம்மா இருமலோட சொன்னாங்க: "சொல்லித் தொலைங்களேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

சென்பா குனிஞ்ச தலை நிமிராம, "மூணு"ன்னாரு.

தோமே அம்மா கையில இருந்த பனி வாரி அப்படியே நின்னுபோச்சு. எனக்கு உள்ளுக்குள்ள வெடி போட்ட மாதிரி சந்தோஷம்.

கிவாகோ என் லாரில வச்சிருந்த தன் கருவியையும், கடையில இருந்து புதுக் குழாய்ச் சுருளையும் எடுத்துட்டு வந்தா. பின்பக்கம் பனி விழாத சுவர் ஒண்ணு இருந்துச்சு, அதுவே போதும். அவ அதை விட்டுட்டு, அதே மாதிரி பனி விழாத, ரோட்டைப் பார்த்த முன்சுவர்ல, போறவன் வர்றவன் கண்ணுல படுற உயரத்துல குழாயை இழுத்தா. ஏன் இங்க போகுதுன்னு ஒவ்வொருத்தனும் கேட்பான், சென்பா ஒவ்வொருத்தனுக்கும் பதில் சொல்லணும். காத்தை வெளியேத்தி அடுப்பைப் பத்த வச்சா. மூட்டுல வெள்ளைக் காகிதத்தைச் சுத்திட்டு சென்பாவைப் பார்த்தா.

"கறை வருதான்னு நீங்களே நின்னு பாருங்க, முதலாளி. நான் கூப்பிடுறவரைக்கும் நகரக்கூடாது."

நாங்க உள்ளே போய்க் கணப்புப் பக்கத்துல உட்கார்ந்தோம். ஜன்னல் வழியா சென்பா தெரிஞ்சாரு. குல்லாயில பனி ஏற ஏறக் காகிதத்தையே பார்த்துக்கிட்டு நின்னாரு. கறையே வராதுன்னு அவருக்கும் தெரியும். கிவாகோ டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சுட்டுக் கோப்பையைக் கீழ வச்சா. தோமே அம்மா கெட்டிலை எடுத்து, அவ கோப்பையில மறுபடி நிறைய ஊத்தினாங்க. கிவாகோ அதை எடுத்து ஆத்தி ஆத்திக் குடிச்சா. நானும் அவசரப்படுத்தலை.