ஓதம் ஏறிய சுவரும் கோமதி மேடமும்

என் பெரிய பேரன் சுரங்கத்தில் பர்மனென்ட் ஆகிவிட்டான். அடுத்தவள் புதுச்சேரியில் நர்ஸ். மகள் வயிற்றுப் பேரன் வக்கீலுக்குப் படிக்கிறான். கடைக்குட்டிப் பேத்தி செல்வி சிவில் டிப்ளமோ முடித்து, தன் பேரிலேயே கடன் வாங்கி, குள்ளஞ்சாவடி பக்கம் ஆறு வீடு கட்டியவள். பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் இதையெல்லாம் சொல்லிவிடுவேன். போன செவ்வாய்க்கிழமை பண்ருட்டி பஸ்ஸிலும் ஓர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். செல்வியின் வீடுகளுக்கு வந்தபோது அவளே போன் செய்தாள். "ஆயா, கோமதி மேடம் தவறிட்டாங்க. நெஞ்சுவலியாம்."

வீடு கட்டும் பெண்களான நம் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மேடம் கடலூரில் ஒரு வீட்டுக்கடன் கம்பெனியில் பெரிய அதிகாரி. அவர் வருவதற்கு முன்னால், சொந்த நிலம் உள்ளவனுக்கும் பெரிய காண்ட்ராக்டருக்கும்தான் கட்டுமானக் கடன். நம்மைப்போல் கூலிக்குக் கல் மண் சுமந்த குடும்பத்துப் பெண்கள் போனால் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். மேடம் தன் மேலதிகாரிகளிடம் கேட்டாராம்: "இவங்க ஏற்கனவே கட்டின வூட்டை யாராவது போய்ப் பாத்தீங்களா?" அதிலிருந்துதான் அந்த வழக்கம் வந்தது. நாம் கட்டிய வீடு ஒரு மழைக்காலம் தாண்ட வேண்டும். பிறகு மேடம் நேரில் வந்து, குடியிருப்பவர்களிடமே கேட்பார். அவர்கள் நல்லபடியாகச் சொன்னால் அதுதான் நமக்கு ஜாமீன்.

செல்வி முதலில் கட்டியது குறிஞ்சிப்பாடியில், தறி நெய்யும் கஸ்தூரியின் வீடு. அதன் பின்சுவரில் ஓதம் ஏறி, ஈரம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. செல்வி கடனுக்கு மனு போட்டிருந்ததால் மேடம் அதைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்தது. முப்பது வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள் நான். எந்தச் சுவரை எப்படி மறைப்பது என்று எனக்குத் தெரியாதா? செல்விக்குத் தெரியாமல் போய், ஊறிய பூச்சைச் சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிட்டு வந்தேன். "கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லு" என்று கஸ்தூரிக்கும் சொல்லி வைத்தேன்.

மேடம் வந்தார். செருப்பை வாசலில் விட்டார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், நேராகப் பின்சுவருக்குப் போய் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றார்.

"இந்தச் செவுத்துக்கு மட்டும் என்ன ஆயா விசேஷம்?"

"தீவாளி வருதுங்களே மேடம்."

"ஒரு செவுத்துக்கு மட்டுமா தீவாளி?"

கஸ்தூரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். செல்வியின் முகம் செத்துப்போனது. மேடம் திட்டவில்லை. "ஓதம் இருந்தா சொல்லுங்க, எதனாலன்னு பாப்போம். மறைச்சீங்கன்னா உங்களோட போவாது ஆயா. அடுத்து வர்ற பொண்ணையும் நம்ப மாட்டாங்க" என்றார். கடன் வரப்போகிற மழைக்காலம் முடியும் வரைக்கும் தள்ளிப்போனது.

செல்வி சுவரை உடைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் குளியலறைக் குழாயில் கசிவு. சரிசெய்தாள். ஆனால் அதற்குள், வடலூர் போகிற வழியில் அவள் பேசி வைத்திருந்த மனை வேறு கை மாறிவிட்டது. நான் மேடத்தைத்தான் கரித்துக்கொட்டினேன். "தப்பு பண்ணது யாரு ஆயா?" என்று செல்வி கேட்டாள். இரண்டு நாள் அவளோடும் பேசவில்லை.

மழை முடிந்ததும் மேடம் திரும்ப வந்து பார்த்தார். கடன் கிடைத்தது, குள்ளஞ்சாவடி பக்கம் வேறு மனையில் ஆறு வீடும் எழுந்தது. புதுமனை புகுவிழாவுக்கு மேடமும் வந்தார். போட்டோ எடுக்கும்போது கொத்தனாரை, எலக்ட்ரீஷியனை, தண்ணி லாரிக்காரரைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். மேடத்தை மட்டும் கூப்பிடவில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரமாகச் சிரித்துக்கொண்டு நின்றிருந்தார். கிளம்பும்போது என்னிடம் வந்து, "இன்னும் கோவமா கீறீங்களா ஆயா?" என்றார், நம் பேச்சையே பேசி. "கோவம் எதுக்குங்க" என்று வேறு பக்கம் பார்த்தேன். அதுதான் கடைசிப் பேச்சு.

சாவுக்குப் போயிருந்தபோது அவரோடு வேலை பார்த்த ஒரு பெண் சொன்னாள். பெயிண்ட் விஷயம் தெரிந்ததும் செல்வியின் மனுவையே தள்ளிவிடச் சொன்னார்களாம். மேடம்தான் விடவில்லையாம். "தான் கட்டின செவுத்தைத் தானே உடைச்சுப் பாத்த பொண்ணுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பீங்க?" என்று கேட்டாராம். மாலை போட்டுக் கிடந்தவர் பக்கத்தில் நின்று இதைக் கேட்டேன். தப்பு என்னுடையதுதான் மேடம் என்று சொல்ல ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது எனக்கு. சொல்லவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றுதான். இப்போது செல்வியின் வீட்டைப் பார்க்க யார் வந்தாலும், அதன் குறையை முதலில் நான் சொல்லிவிடுகிறேன். மாடிப்படி கொஞ்சம் செங்குத்து, மழைக்கு இந்தக் கதவு இறுகும் என்று. "விக்க வுடு ஆயா" என்று செல்வி தலையில் அடித்துக்கொள்கிறாள்.

இன்னொன்று. நம் குழுவின் முகப்பில் இருக்கிற அந்தப் புகுவிழாப் படத்தில் நடுவில் நான் நிற்கிறேன், மேடம் இல்லை. தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள். அன்றைக்கு உங்களில் யாராவது உங்கள் போனில் எடுத்த படத்தில், ஏதாவது ஓரத்தில் அவர் நின்றிருந்தால், அதைப் புதுசாகப் போடுங்கள். அதில் நான் இல்லாவிட்டாலும் சரி.