சஹீருக்குப் பதிலாக வந்த லென்ஸ்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு வருடத்தில் எத்தனை பொம்மை சூளையிலிருந்து இறங்குகிறது என்று எண்ணிப் பார்க்க வந்த அதிகாரி ஒருவர், எண்ணி முடிப்பதற்குள் ரிட்டையராகிப் பேரனுக்குக் காதும் குத்திவிட்டார் என்று சொல்வார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம். அந்தப் பொம்மைகளில் முக்கால்வாசி, கமருன்னிசாவின் கேமராவுக்கு முன்னால் ஒரு தடவை நின்றுவிட்டுத்தான் வெளியூருக்குப் போகின்றன என்பது மட்டும் சத்தியம்.

கமருன்னிசா மங்கலம்பேட்டைப் பெண். நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுக்க ஒரு பெண் வேண்டும் என்பதற்காகவே கேமராவைக் கையில் எடுத்தவள். மணப்பெண்ணின் பெரியம்மாக்கள் எல்லோரும் தாங்கள்தான் நடுவில் நிற்க வேண்டும் என்று சண்டை போட, அவர்களைவிடப் பொம்மைகள் தேவலாம் என்று ஒருநாள் இந்தப் பக்கம் வந்துவிட்டாள். பொம்மை வாயைத் திறக்காது, படத்தில் கறுப்பாகத் தெரிகிறேன் என்று மூக்கைச் சிந்தாது. ஆன்லைனில் விற்கிற யூனிட்காரர்கள் எல்லோரும் இப்போது அவளைத்தான் தேடி வருகிறார்கள். தொழிற்பேட்டைக்குப் பின்புறத் தெருவில் வாடகை வீடு. முன் அறையில் ஒரு மேசை, வெள்ளைச் சார்ட் அட்டை, இரண்டு விளக்கு. அதுதான் ஸ்டுடியோ.

அவள் கணவன் சஹீர் முன்பு இதே பேட்டையில், பூர்ணிமாவின் யூனிட்டில், அச்சுக்குள் மண் கரைசல் ஊற்றுகிற வேலை பார்த்தவன். இப்போது ஷார்ஜாவில் ஒரு டைல்ஸ் கிடங்கில் இருக்கிறான். இங்கே ஈர மண், அங்கே சுட்ட மண், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் போனில்தான் பார்க்க வேண்டும். நெட் சரியில்லாத நாளில் அதுவும் பாதியில் உறைந்து, பல் மட்டும் திரையில் நிற்கும்.

அவனுடைய கம்பெனி லீவு கொடுக்கும், டிக்கெட் கொடுக்காது. இந்த வருடம் கையில் சேர்ந்ததை வைத்து ஒன்று அவன் வரலாம், இல்லையென்றால் கமருன்னிசா ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிற லென்ஸை வாங்கி அனுப்பலாம். எது வேண்டும் என்று அவளையே கேட்டான். கேட்கிற கேள்வியா அது? 'நீங்கள் வாருங்கள்' என்று சொன்னால் அவனுக்குச் செலவு வைக்கிறவள் ஆவாள். 'லென்ஸ் வாங்குங்கள்' என்றால் புருஷனைவிடக் கண்ணாடி பெரிதென்று ஆகும். எந்தப் பெண்ணும் சொல்வதையே அவளும் சொன்னாள்.

"ஒங்க இஷ்டங்க."

அவன் லென்ஸ் என்று எடுத்துக்கொண்டான். ஒரு வருடமாக அவள் லென்ஸைப் பற்றிப் பேசியதெல்லாம், போனில் பேச ஏதாவது ஒன்று வேண்டுமே என்பதற்காகத்தான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? காய்கறி விலை இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். மழை வந்ததா இல்லையா என்பது அரை நிமிடம். லென்ஸைப் பற்றிப் பேசினால் அவன் போனை வைக்கமாட்டான்.

லீவில் வந்த அப்துல் மாலிக் மூலமாக லென்ஸ் வந்து சேர்ந்தது. மாலிக், சஹீருடன் ஒரே அறையில் தங்கியிருப்பவர், அவரும் மங்கலம்பேட்டைக்காரர்தான். லென்ஸ் கையடக்கமாக, கனமாக, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. திருகினால் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கிற ஜூம் லென்ஸ் அல்ல இது. இருந்த இடத்திலேயே இருக்கும், கிட்டப் பார்க்க வேண்டுமானால் படம் எடுப்பவர்தான் நடந்து போக வேண்டும். அதற்குக் கைம்மாறாக, மயிர் பிளந்தாற்போல் துல்லியம் காட்டும் என்று பேர். துல்லியம் சரியில்லை என்றால், ஏன், பிடிக்கவில்லை என்றாலே போதும், ஒரு மாதத்துக்குள் பெட்டியோடு கொண்டுபோனால் கடைக்காரன் முகம் சுளிக்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவான் என்று மாலிக் சொல்லிவிட்டுப் போனார். அவர் திரும்பிப் போகிற நாளும் பக்கத்தில்தான் இருந்தது.

ஆக, லென்ஸ் சரியில்லாவிட்டால் அது ஷார்ஜாவுக்குப் போகும், சஹீர் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விருத்தாசலம் வருவான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கமருன்னிசாவின் மனம் மட்டும் மாலிக் படியிறங்குவதற்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தது.

புதிதாக எது வந்தாலும், விளக்கானாலும் கேமராவானாலும், அவள் முதலில் 'குடத்துக்காரி'யைத்தான் படம் எடுத்துப் பார்ப்பாள். பூர்ணிமா யூனிட்டில் காலம் காலமாகப் போடுகிற பொம்மை அது. இடுப்பில் குடம், முதுகில் நீளப் பின்னல். பின்னலில் ஒவ்வொரு இழையும் கீறிவிட்டது போல இருக்கும். பழைய லென்ஸில் எடுத்த குடத்துக்காரியின் படம் லேப்டாப்பில் இருந்தது. அந்தப் பொம்மை எப்போதோ பெங்களூருக்கு வாழப்போய்விட்டதால், யூனிட் அலமாரியிலிருந்து இன்னொரு குடத்துக்காரியைத் தானே எடுத்து வந்தாள்.

கேமராவை ஸ்டாண்டில் ஏற்றினாள். காற்றில் ஆடக்கூடாது என்று ஃபேனை நிறுத்தினாள். கை பட்டால் அசையும் என்று டைமர் வைத்தாள். பிறகு மூச்சையும் நிறுத்தினாள். அவள் நிறுத்திய நிறுத்தலில் சுவர்க்கடிகாரமும் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் மறுபடி ஓடியது.

படத்தை லேப்டாப்பில் பெரிதாக்கிப் பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பழையதில் பின்னல் இழை இழையாக இருந்தது. புதியதில் பின்னல், எண்ணெய் தடவி வழித்துவிட்ட மாதிரி வழவழவென்று கிடந்தது. கண்ணிமைக் கோடு கரைந்திருந்தது. உதடு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. லென்ஸில் வெளிச்சம் நுழைகிற வாயைக் கொஞ்சம் சுருக்கி எடுத்தாள், இன்னும் சுருக்கி எடுத்தாள். ஜன்னல் பக்கம் மேசையைத் திருப்பி எடுத்தாள். எப்படி எடுத்தாலும் அதே மொழுமொழுப் பின்னல்தான்.

யூடியூப்பில் எல்லோரும் செய்வதுபோல் ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, ஓரத்து எழுத்துகள் வரை தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்திருக்கலாம். பார்க்க வேண்டும் என்று நினைத்தும் இருந்தாள். ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால் செல்லோ டேப் தீர்ந்துவிட்டது என்பாள். செல்லோ டேப் மேசைமேல் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது.

இரண்டு படங்களையும் சஹீருக்கு அனுப்பிவிட்டு, அவன் கூப்பிட்டதும் லென்ஸ் சரியில்லை, மங்கலடிக்கிறது என்றாள். துக்கமாகச் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானம் செய்துகொண்டுதான் சொன்னாள். அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஆமாம், மங்கலாகத்தான் இருக்கிறது, மாலிக் அண்ணனிடம் கொடுத்துவிடு என்றான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அப்படியானால் பெருநாளைக்கு நானே வந்துவிடுகிறேன் என்றான்.

அன்று முதல் அந்த வீடு பட்ட பாட்டைக் கேட்கவேண்டாம். திரைச்சீலைகளைத் துவைத்த துவையலில் அவற்றின் பூக்கள் எல்லாம் தண்ணீரோடு மணிமுத்தாற்றுக்கே போய்விட்டன. அவன் தலையணையை வெயிலில் போட்டுத் தட்டினாள், திருப்பிப் போட்டு மறுபடி தட்டினாள். அவன் உபயோகிக்கிற சோப்பைத் தேடி வாங்கி வந்து, பிரிக்காமல் பீரோவில் துணிகளுக்கு நடுவில் வைத்தாள். பீரோவைத் திறக்கிறபோதெல்லாம் அந்த வாசனை வந்தது. அதனால் ஒரு வேலையும் இல்லாமல் பீரோவைத் திறந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை விற்கிறவர்கூட, பாய் எப்போது வருகிறார் என்று கேட்டார்.

மாலிக் ஷார்ஜாவுக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் காலையில் பூர்ணிமா வந்தாள். யூனிட் முதலாளி என்று சொன்னால் நம்ப முடியாதபடி முழங்கை வரை மண் அப்பியிருந்தது. கையில் ஒரு புதுக் குடத்துக்காரி. கொண்டுபோன பழையதைக் கொடு, உடைத்துப் போட வேண்டும் என்றாள்.

"ஏன்க்கா ஒடைக்கணும்?"

"பின்ன? தேஞ்ச மோல்டுல ஊத்துனதுடி அது. ரிஜெக்ட்னு தனியா வச்சிருந்தேன். நீ பாட்டுக்கு அலமாரியத் தொறந்து தூக்கிட்டு வந்திருக்கிற."

மோல்டு என்கிற அச்சு பிளாஸ்டரில் செய்தது. மண் கரைசலை ஊற்ற ஊற்ற, உள்ளே இருக்கிற நுணுக்கமான கீறல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். முதலில் பிறக்கிற பொம்மைகளுக்கு மூக்கும் முழியும் எடுப்பாக இருக்கும். கடைசியில் பிறப்பவை, தூக்கத்தில் எழுந்து வந்தவை மாதிரி இருக்கும். இது பேட்டையில் பிறந்த கைக்குழந்தைக்கும் தெரியும். கமருன்னிசாவுக்கும் தெரியும்.

"எத்தன வருஷமா பொம்மையப் புடிக்கிற, மூஞ்சி அழிஞ்சு போனதுகூடவா தெரியல? கண்ண எங்கடி வச்சிருந்த?" என்றாள் பூர்ணிமா.

கமருன்னிசா பழைய குடத்துக்காரியைக் கையில் எடுத்தாள். லேப்டாப்பில் அத்தனை பெரிதாக்கிப் பார்த்தவள், மேசைமேல் நின்ற பொம்மையை ஒரு தடவையாவது வெறுங்கண்ணால் பார்த்திருக்கவில்லை. கட்டை விரலால் பின்னலைத் தடவினாள். சோப்பு போல வழுக்கியது.

பூர்ணிமா எதிரில் நிற்கும்போதே புதுப் பொம்மையை வைத்துப் படம் எடுத்தாள். எடுக்காமல் இருக்க முடியவில்லை. திரையில் பெரிதாக்கினாள். பின்னலின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக நின்றது. கண்ணிமைக் கோடு தூரிகை எங்கே தொட்டு எங்கே எடுத்தது என்பது வரை தெரிந்தது. குடத்தின் அடியில், கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சுக்குக் கீழே, யாரோ ஒரு வேலைக்காரப் பெண்ணின் விரல் ரேகை இருந்தது. மேலேயிருந்து பார்த்தால் வயல் வரப்புகள் தெரியுமே, அப்படி.

என் பொம்மையா இது என்றாள் பூர்ணிமா. பொம்மை வாங்குகிற பெங்களூர் வியாபாரி கேட்கிற மொத்த கேட்டலாகையும் இதில்தான் எடுக்க வேண்டும், வேறு யாருக்கும் முன்னால் எனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகும் கமருன்னிசா லென்ஸைக் கழற்றவில்லை. தேநீர்க் கோப்பையைப் படம் எடுத்தாள். ஜாடியின் மூடியை எடுத்தாள். தன் புறங்கையை எடுத்தாள். செல்லோ டேப்பையும் எடுத்து, சுவரில் செய்தித்தாளை ஒட்டிப் படம் பிடித்தாள். நான்கு மூலையிலும் எழுத்து எண்ணெய் விளக்கில் படிப்பது போல் இல்லாமல், பட்டப்பகலில் படிப்பது போல் இருந்தது. இத்தனை வருடம் அழுக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உலகத்தைப் பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. இந்த லென்ஸ் மேல் ஆசை வந்துவிட்டது. அதுதான் பெரிய சங்கடம். போனில் பேச்சுக்காக வளர்த்த ஆசை, நிஜமாகவே வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் சஹீர் கூப்பிட்டான். பின்னால் கிடங்கில் வண்டி நகரும் சத்தம். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"என்னங்க, லென்ஸு நல்லா இருக்குது. பொம்மதான் தேஞ்ச மோல்டு. நான் கவனிக்காம சொல்லிட்டேன்."

வண்டிச் சத்தம் தூரமாகப் போனது. அவன் எங்கோ ஓரமாக நடந்துபோய் நின்றிருக்க வேண்டும்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"படம் வந்த அன்னிக்கே தெரியும் கமரு. எத்தன மோல்டுல ஊத்துனவன் நானு. பின்னல் தேஞ்சா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"மங்கலா இருக்குதுன்னு நீ சொன்னப்ப, ஒன் குரலு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. எனக்கும் சொல்ல மனசு வரல."

துக்கமாகச் சொல்ல அவள் எடுத்துக்கொண்ட சிரமமெல்லாம் ஷார்ஜா வரைக்கும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு அவன்தான், பெரிய மனிதன் போல, சரி, நல்ல லென்ஸ் என்றால் வைத்துக்கொள், பூர்ணிமாக்கா வேலை வேறு வருகிறது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லத் தொடங்கினான். சொல்லி முடித்துவிட்டு, என்ன சொல்கிறாய் என்று கேட்டான்.

வழக்கமான பதில் நாக்கின் நுனிக்கு வந்தது. வந்ததை விழுங்கினாள்.

"லென்ஸு நல்லா இருக்குதுங்க. எனக்குத்தான் வேணாம். நீங்க வாங்க."

போன் கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தாள், கட்டாகவில்லை. அங்கே அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கிடங்கில் தூசி என்றான். சரி என்றாள்.

மறுநாள் காலையில் மாலிக் வந்தபோது, பெட்டியை முன்பு வந்தது போலவே மூடி, உறையில் போட்டு வைத்திருந்தாள். பெட்டியைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல் ஏந்திக்கொண்டு, இதில் என்னம்மா கோளாறு என்று கேட்டார்.

"கோளாறு ஒண்ணும் இல்லண்ணே."

மாலிக் அவள் முகத்தைப் பார்த்தார். பாதி வாழ்க்கையைக் கடலுக்கு அந்தக் கரையில் கழித்த மனிதர் அவர். பையைத் திறந்து, மேலே இருந்த சட்டைகளை விலக்கி, பெட்டியை நடுவில் வைத்து, சுற்றிலும் கைலிகளை அணைத்தார். போயிட்டு வரேம்மா என்றார். தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவள் வாசலில் நின்றாள்.

தன் பழைய ஜூம் லென்ஸை மாட்டிக்கொண்டு பூர்ணிமாவின் பொம்மைகளை எடுக்க உட்கார்ந்தாள். நேற்று வரை நன்றாக இருந்த லென்ஸ்தான். இன்று எல்லாவற்றின் மேலும் மெல்லிய பனி படிந்தது போல் இருந்தது. பூர்ணிமா வந்து பார்த்து, நேற்று எடுத்தது மாதிரி இல்லையே என்று முகத்தைத் தூக்கினாள். காரணம் கேட்டதும் திட்டப் போனவள், திட்டாமல் ஒரு டீ கேட்டாள்.

நான்கைந்து நாள் கழித்து, மத்தியானத்தில் போன் மினுங்கியது. சஹீர் டிக்கெட் போட்டுவிட்டான். டிராவல்ஸ் கடையில் கம்ப்யூட்டர் திரையைத் தன் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தான். எந்தக் கையால் எடுத்தானோ, அப்படி ஆடியிருந்தது. விமானத்தின் பேர் தெரிகிற மாதிரி இருந்தது. அவன் பேர் பாதி தெரிந்தது. தேதி இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புக் கறுப்பாக இரண்டு எறும்பு நசுங்கிக் கிடந்தன.

அவன் வேலையில் இருக்கிற நேரம், கூப்பிட முடியாது. கமருன்னிசா படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். பன்னிரண்டாக இருக்கலாம், பதினேழாகவும் இருக்கலாம். சாயங்காலம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.