சிறுநீரகத்துக்காகக் காத்திருந்தவர்
அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பேருந்து மெக்கானிக்காக இருந்த ரஸ்ஸல் பெட்ராக்கின் இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயிருந்தன. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் மருத்துவமனை எந்த எண்ணிலிருந்தும் கூப்பிடலாம். அதனால் வருகிற அழைப்பையெல்லாம் அவர் எடுத்தே ஆகவேண்டும்.

கூப்பிட்டதோ அவருடைய மருத்துவ இன்சூரன்ஸ் கம்பெனி நடத்தும் மருந்துக்கடைதான். மாத்திரைகளை இனி எங்களிடமே தபாலில் வாங்குங்கள் என்று பதிவுக்குரல் தினமும் நாலைந்து முறை நச்சரித்தது. வேண்டாம் என்றால் ஒன்பதை அழுத்தச் சொன்னது. அழுத்தியும் பயனில்லை.

ஒரு வியாழக்கிழமை டயாலிசிஸ் நடக்கும்போது போன் அடித்தது. பதறி எடுத்ததில் கையில் குத்தியிருந்த ஊசி இழுபட்டு ரத்தம் கசிந்தது. இந்த முறை பேசியது நிஜமான ஒரு பெண்.

"ஏம்மா, மணி அடிக்கிறப்பல்லாம் கிட்னி கிடைச்சிருச்சுன்னு நெஞ்சு அடிச்சுக்குது. நீங்க மாத்திரை விக்கிறீங்க! மனசாட்சியே கிடையாதா?"

"மன்னிச்சுக்குங்க சார். லிஸ்ட் இன்சூரன்ஸ்காரங்க கையில இருக்கு. பேர எடுக்க முப்பது நாள் ஆகும்."

"அதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்தாலும் உங்க போன் மட்டும் நிக்காது!"

மறுநாள் காலை எட்டு மணிக்கே மறுபடி போன். எங்கள் ஊழியரின் சேவை திருப்தியாக இருந்ததா என்று பதிவுக்குரல் கேட்டது. போனைச் சுவரில் அடிக்கக் கை ஓங்கினார் ரஸ்ஸல். அடிக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.