இரண்டாவது கேசட்

திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் காலண்டர் ஆர்டருக்காகக் காத்திருந்தபோது அவரைப் பார்த்தேன். கழிவுத்தாளை மூட்டை கட்டிப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு அனுப்புபவர். நெடிய உடம்பு, முறுக்கு மீசை. எந்நேரமும் ஏதோ முனகிக்கொண்டிருப்பார். என்ன பாட்டென்று பிடிபடாது.

எண்பதுகளில் கேசட்டில் கொடிகட்டிப் பறந்த நால்வர் பாட்டுக்குழுவில் அடித்தொண்டைக் கீழ்க்குரல் பாடியவர் என்று அச்சகத்துக்காரர் சொன்னார். நெடுநாள் கழித்து அந்த ஆண்டுதான் இரண்டாவது கேசட் போட்டிருந்தார்கள். அதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன்.

"கேட்டீகளா?" என்றார்.

"கேட்டேன் அண்ணாச்சி. மொதக் கேசட் மாதிரி இல்ல."

"ஆமா. பாடும்போதே எங்களுக்குத் தெரிஞ்சிருச்சு."

அவர் கட்டிக்கொண்டிருந்த மூட்டையில், ஒரே மாதிரி மீசை வைத்த நான்கு முகங்கள். விலைபோகாத அந்த இரண்டாவது கேசட்டுக்கு அச்சடித்து, வெட்டாமலே கிடந்த உறைத்தாள்கள். வெடி சுற்றப் போகின்றன.

"இத நீங்களே அனுப்பணுமா?"

"மொதக் கேசட்டு, அத வாங்குனவுக வீட்டுக்கு மட்டுந்தான் போச்சு. இது தீவாளிக்கு அம்புட்டு வீட்டு வாசலுக்கும் போயிரும்."

அவர் சிரிக்கவில்லை. மறுபடி முனகத் தொடங்கினார்.

தீபாவளிக்கு மறுநாள் வாசல் குப்பையைக் கிளறிப் பார்த்தேன். கருகிய துண்டொன்றில் பாதி மீசை இருந்தது. அவருடையது என்றுதான் நினைத்தேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.