கருப்பு வெள்ளையில் நான்

மகள் கல்யாணத்துக்கு வாசலில் கட்டுகிற பிளெக்ஸ் பேனரில் என் முகமும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவள் அப்பா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். தாலி கட்டும்போது மேடைப் பக்கம் என்னை விடமாட்டார்கள். படமாகவாவது நிற்கிறேனே தாயே என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

புதுவாயல் கூட்டுரோட்டு ஸ்டுடியோவுக்கு மகளும் நானும் கொழுந்தனாரும் போனோம். நல்லதாக என்னிடம் இருந்தது என் வீட்டுக்காரரோடு சேர்ந்து எடுத்த படம்தான். மஞ்சள் பட்டு, நெற்றி நிறையக் குங்குமம்.

"பொட்டோடவா போடுவ? ஊரே சிரிக்கும்பா," என்றார் கொழுந்தனார் ஸ்டுடியோக்காரரிடம்.

"அது இன்னா பெரிய வேலையாண்ணா? கம்ப்யூட்டர்ல புதுசா ஒரு பிளக்-இன் போட்டுக்கீறேன். மூஞ்சி பீங்கான் கணக்கா ஆயிடும்."

என் நெற்றியைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார். அவர் மவுஸை இழுக்க இழுக்கக் குங்குமம் கரைந்தது. பிறகு அந்தப் பிளக்-இன்னைத் தட்டினார். அம்மைத் தழும்பும் கண்ணோரச் சுருக்கமும் போயின. அவர் காரியத்தன்று என் பொட்டை ஒருமுறை அழித்தார்கள். இது இரண்டாவது முறை.

"புடவ இன்னும் புதுப்பொண்ணு கணக்கா பளபளன்னு கீதே. கலரே வேணாம்பா," என்றார் கொழுந்தனார்.

ஸ்டுடியோக்காரர் மேலே 'மோட்' என்பதைத் திறந்து கிரேஸ்கேல் என்பதை அழுத்தினார். பட்டு சாம்பலாயிற்று. இறந்தவர் என்று பேனரில் ஏற்கெனவே கருப்பு வெள்ளையாக்கி வைத்திருந்த என் வீட்டுக்காரர் பக்கத்தில் என்னை வைத்தார். மற்ற எல்லோரும் கலரில் சிரித்தார்கள்.

மகளைப் பார்த்தேன். அவள் திரையில் தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உட்டுரும்மா. மாப்ள ஊட்ல பேசுவாங்க," என்றாள்.

கல்யாணத்தன்று ஆரம்பாக்கம் மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அந்த அம்மாள் பேனரை அண்ணாந்து பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"ஐயோ பாவம், அம்மா அப்பா ரெண்டு பேருமே இல்லாத பொண்ணா?"

"நான்தாங்க பொண்ணோட அம்மா."

டம்ளரை அப்படியே திருப்பி நீட்டினாள். "உசுரோட கீறவங்கள செத்தவங்க கணக்கா போட்டுக்கீறீங்களே! தாலி ஏர்ற எடத்துல இன்னா அபசகுனம் இது!"

கொழுந்தனார் ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் என் காதருகே வந்து பல்லைக் கடித்தார். "வாய மூடிக்கினு இருந்தா இன்னா அண்ணி? செத்துட்டாங்கன்னே நெனச்சுக்கினு உள்ள போயிருப்பாங்க."

சமையல்கட்டிலிருந்து கத்தி வந்தது. கொழுந்தனார் ஸ்டூல் மேல் ஏறி பேனரில் என் முகத்தை மட்டும் சதுரமாக அறுத்து எடுத்தார். தன் அண்ணன் முகத்தை அப்படியே விட்டுவிட்டார். அந்த ஓட்டை வழியாக ரோட்டில் கம்பெனி லாரிகள் போவது தெரிந்தது. கீழே விழுந்த துண்டை எடுத்துச் சுருட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

கெட்டிமேளம் கொட்டியபோது பின்கட்டில் காய் நறுக்குகிற இடத்தில் நின்றிருந்தேன். அட்சதைத் தட்டு அங்கே வரைக்கும் வரவில்லை. அரிசி மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, மேளச் சத்தம் வந்த பக்கமாகப் போட்டேன்.

"அவ நெத்தியில இருக்கிறதாவது நிலைக்கட்டும் தாயே."